கடல்மீன் தொட்டிக்கு ஏற்ற வடிகட்டி

கொல்கத்தாவில் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் வண்ணமீன் வாங்கி வளர்ப்போர் பலர். நன்னீர் மீன்களுக்குப் பழகியவர்கள் கடல்மீன் வளர்க்க முற்படும்போது முதலில் எழும் கேள்வி, எந்த வடிகட்டி ஏற்றது என்பதே.

நீர் தெளிவாயிருந்தால் தூய்மையாயிருக்கிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் தோன்றும் அம்மோனியா கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1890ஆம் ஆண்டு வாக்கில் இவற்றைப் பிரித்தறிந்தவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. இந்நுண்ணுயிர்களுக்கு இருப்பிடமும் பிராணவாயுவும் அளிப்பதே வடிகட்டியின் தலையாய பணி.

கொல்கத்தாவின் கிழக்கே, 2002இல் ராம்சார் தலமாக ஏற்கப்பட்ட ஈரநிலங்களில், நகரின் கழிவுநீரை வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து தூய்மையாக்குகின்றன. அந்நீரிலேயே மீனும் வளர்கிறது. அங்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் நிகழும் வேலையை வீட்டில் ஒரு சிறு பெட்டி செய்தாக வேண்டும்.

கடல்நீரில் இவ்வேலை இன்னும் கடினம். அது காரத்தன்மை உடையதாதலால் அம்மோனியாவின் நச்சு மிகும். கோடையில் 30 பாகை வெப்பமுள்ள கடல்நீரில் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே பிராணவாயு கரையும். ஆகவே காற்றோட்டம் தரும் வடிகட்டியையே நாட வேண்டும்.

கடற்பஞ்சு போன்ற ஸ்பாஞ்சு வடிகட்டி மலிவானது. மின்சாரம் நின்றாலும் பாட்டரியால் இயங்கும் காற்றுப் பம்பு அதற்குப் போதும். சிறு தொட்டிக்கு, மீன்கள் சிலவேயானால், அது ஏற்கும். மூடிய கானிஸ்டர் வடிகட்டி அதிகப் பொருளைக் கொள்ளும். ஆயினும் சில மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டால் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சின்றி மடியும். அந்நீரைக் கொட்டிவிட்டே மீண்டும் இயக்க வேண்டும்.

இருநூறு லிட்டர் தொட்டிக்குச் சிறந்தது, அடியில் வைக்கும் சம்ப்பு எனும் துணைத்தொட்டி. நீர் காற்றினூடே விழுந்து பீங்கான் வளையங்களின் மீது பாயும். அதனுடன் புரோட்டீன் ஸ்கிம்மர் சேர்ந்தால், நுண்குமிழிகளில் ஒட்டிய கழிவு அம்மோனியாவாக மாறுமுன்பே நுரையாக வெளியேறும். நன்னீரில் நிலைக்காத நுண்குமிழிகள் உப்புநீரில் நிலைக்கும்.

அயல்நாடுகளில் உயிர்ப்பாறை எனும் பவளப்பாறையை வடிகட்டியாக இடுவர். இங்கு அது ஆகாது. பாறை அமைக்கும் பவளங்கள் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். பீங்கான் வளையங்களே நுண்ணுயிர்களுக்கு வேண்டிய இடந்தரும்.

எவ்வடிகட்டியாயினும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரமாகும். அதுவரை மீன்களை நிறைக்கலாகாது. குளோரின் கலந்த குழாய்நீரில் வடிகட்டியைக் கழுவினால் நுண்ணுயிர்கள் அழியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. எஞ்சும் நைட்ரேட்டை நீர் மாற்றிக் குறைக்கலாம். வடிகட்டி உதவி செய்யும். காவல் செய்ய வேண்டியவர் வளர்ப்பவரே.