குவாய் பாலத்தில் இல்லாதவர்கள்

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் 1957இல் வந்தது. அதைப் பார்த்தவர்களுக்குச் சயாம்–பர்மா ரயில்பாதை என்றாலே விசிலடித்தபடி அணிவகுத்து வரும் பிரிட்டிஷ் போர்க்கைதிகளும் விறைப்பான கர்னல் நிக்கல்சனும்தான் நினைவுக்கு வருவார்கள். 1942–43இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வேலைவாங்கப்பட்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000க்கும் அதிகம். அவர்களில் 90,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெருந்தொகை. படத்தின் கதையில் அவர்களுக்கு இடமே இல்லை.

படத்துக்கு மூலமாகப் பியர் பூல் எழுதியது ஒரு கர்னலின் வீம்பைப் பற்றிய நாவல், சினிமாவும் அதைத்தானே எடுக்கும், அது என்ன சரித்திரப் பாடமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கற்பனை கற்பனையாகவே நின்றுவிடவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியிலுள்ள நிஜப் பாலம் மே குளோங் ஆற்றின் மேல் இருந்தது. படம் பார்த்துவிட்டுப் பயணிகள் குவாய் ஆற்றைத் தேடி வரவும், 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆற்றின் பெயரையே மாற்றவைத்த கதை, அங்கே செத்தவர்கள் யார் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவைக்குமா?

கைதிகள் நினைவில் நின்றதற்குப் படம் மட்டும் காரணமல்ல. ராணுவத்திடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. ஒளித்துவைத்த டயரிகளும் ஓவியங்களும் மிஞ்சின. போர் முடிந்ததும் உடல்களைத் தேடியெடுத்துக் காஞ்சனபுரி கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேரை அடக்கம் செய்தார்கள். தமிழர்களின் கதை வேறு. போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, வேலையில்லாமல் தவித்த தோட்டத் தொழிலாளிக்கு நல்ல கூலி என்று ஆசைகாட்டினார்கள். போகப்போகப் பலவந்தமாகவே பிடித்துப் போனார்கள். காலரா வந்தபோது கைதிகளுக்காவது சொந்த ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. மொத்தமாகக் குழியில் தள்ளி மூடினார்கள்.

அந்தக் குழிகளைப் பற்றிப் பேசியவை மலேசியத் தமிழ் நாவல்கள்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவை, இவற்றை ஆதாரமாகக் கொள்ள முடியுமா என்பார்கள். தேதிக்கும் எண்ணிக்கைக்கும் இவற்றை நம்பக் கூடாது, உண்மைதான். ஆனால் ஆவணமே எழுதப்படாத மக்களுக்கு, ஆவணம் இருப்பவர்களுக்கான அளவுகோலைப் பிடிப்பது இரண்டாவது அநியாயம். இதே ரயில்பாதையைப் பற்றி எழுதி 2014இல் புக்கர் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபிளானகனின் நாவலும் ஓர் ஆஸ்திரேலியக் கைதியைச் சுற்றித்தான் நகர்கிறது. இனி ஒருவர் இந்த ரயில்பாதையைப் படமாக்க வந்தால், திரைக்கதை தொடங்க வேண்டிய இடம் மலாயாவின் பேராக்கிலோ சிலாங்கூரிலோ உள்ள ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயம்.