விசைப்பலகையும் விண்ணப்பப் படிவமும்: இடைவினை வடிவமைப்பைக் கற்பித்தல் பற்றி

மனிதருக்கும் பொறிக்கும் இடையிலான தொடர்பை ஒழுங்கமைக்கும் இடைவினை வடிவமைப்பு, பெரும்பாலும் ஒரு தொழில்நுட்பத் திறனாகவே கற்பிக்கப்படுகின்றது. பணி விரைவாக முடிகின்றதா, பிழைகள் குறைகின்றனவா என்பனவே முதன்மை வினாக்கள். எவருக்காக அமைகின்றது, எவரை விலக்குகின்றது என்ற வினா பாடத்தின் இறுதியில் ஓர் அறநெறிக் குறிப்பாக ஒதுங்கிவிடுகின்றது. அதுவே பாடத்தின் தொடக்கமாதல் வேண்டும். யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய இரு எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவுபடுத்தும்.

முதலாவது, தட்டச்சுப் பொறி. 1886 இல் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படுபவர். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கென உருவான பொறியில் தமிழின் 247 எழுத்துகளையும் பெறுவதெங்ஙனம் என்பதே அவர்முன் நின்ற சிக்கல். நகரா விசைகள் அதற்கு விடையாயின. ‘கி’ என்பதை அடிக்கும்போது இகரக் குறி முதலிற் பதியும். தாளைத் தாங்கிய உருளை நகராது நிற்க, ககரம் அவ்விடத்திலேயே வந்து பொருந்தும். கையால் எழுதுவோரின் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. மொழி பொறியினுட் புகுந்தது. அதற்கான விலையைத் தட்டச்சாளரின் பயிற்சி செலுத்திற்று. பின்னர் வந்த ஒருங்குறி, மெய்யை முன்னும் குறியைப் பின்னும் சேமித்து, ஒலியொழுங்கிற்கு மீண்டது. வடிவமைப்பின் சுமையை மனிதர் தாங்குவதா, பொறி தாங்குவதா என்பது வெறும் நுட்பவினா அன்று.

இரண்டாவது, படிவம். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், போரினாற் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. உடலையோ உண்மையையோ காணாத மனைவி, கணவர் இறந்தார் என ஒப்பமிட்டாலன்றிப் பல உரிமைகளைப் பெறுவது அரிதாயிருந்தது. 2016 இல் நிறைவேறிய திருத்தமே, ஒருவர் காணாமற்போயிருக்கின்றார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு இடமளித்தது. ‘உயிருடன் உள்ளார்’, ‘இறந்துவிட்டார்’ என்னும் இரு கட்டங்களை மட்டும் கொண்ட திரையொன்றை இன்று ஒரு மாணவர் வரைவாராயின், அச்சட்டம் ஏற்றுக்கொண்ட மூன்றாம் நிலையை அவர் மீண்டும் அழிக்கின்றார். அவர் தீயநோக்குடையவர் அல்லர். கேட்கவேண்டிய வினாவைக் கேட்கப் பயிற்றப்படாதவர்.

எனவே கற்பித்தல் முறையும் மாறவேண்டும். மாணவர் வரையத் தொடங்குமுன், உரிய அனுமதியுடன் பிரதேச செயலகமொன்றில் அமர்ந்து, எவர் தாமே படிவம் நிரப்புகின்றார், எவர் பிறர் கையை நாடுகின்றார், எவ்வினாவில் பேனா தயங்குகின்றது என்பவற்றை அவதானிக்கட்டும். எவரது பெயரையும் குறித்துக்கொள்ளாமையே அவர்கள் கற்கும் முதற் பாடமாகட்டும். ஒவ்வொரு தகவலும் எதற்காகக் கேட்கப்படுகின்றது, விடையளிக்க மறுப்பவருக்கு என்ன நேரும் என்பவற்றை எழுத்தில் நியாயப்படுத்திய பின்னரே வடிவம் மதிப்பிடப்படட்டும். விரைவும் அளக்கப்படலாம், ஆனால் படிவத்தின் முன் தயங்கி நின்ற பெண்ணுக்கு அதில் ஓர் இடம் கிடைத்ததா என்பதே அவ்வளவுகோலுக்கு முற்பட்டது.