கூடை இறக்கிய உடம்புக்கு ஒரு மணி நேரம்

இலங்கையின் ராகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் எங்கே நோகிறது என்று கேட்டால், பலருடைய கை பிடரிக்குத்தான் போகும். தலையில் மாட்டிய கூடைக் கயிறு கழுத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. சரிவில் வழுக்காமல் நிற்க இடுப்பு இறுகுகிறது. அந்தியில் லயத்துக்கு வந்தால் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். உடம்பு இறுகிக் கிடக்கும்போது மனமும் இளகுவதில்லை. இந்த இறுக்கத்தைத் தளர்த்தப் பெருநகரங்களில் பலரும் நாடுவது மிதவைச் சிகிச்சை.

எடை தெரியாத நீர்

1954இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜான் லில்லி என்ற மருத்துவர் இதற்கு வித்திட்டார். வெளிச்சமும் ஓசையும் எட்டாவிட்டால் மூளை உறங்கிவிடுமா என்பது அவருடைய கேள்வி. அது விழித்தே இருந்தது.

இன்றைய மிதவைத் தொட்டிகளில் ஏறக்குறைய ஓரடி ஆழ நீரில் நூற்றுக்கணக்கான கிலோ பேதி உப்பைக் கரைக்கிறார்கள். நீந்தத் தெரியாதவரும் அதில் மல்லாந்து மிதப்பார். நீரின் வெப்பம் தோலின் வெப்பத்தை ஒட்டி 34, 35 பாகை செல்சியஸில் இருப்பதால் சூடும் குளிரும் உறைக்காது. உடம்பு எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பதே மங்கிவிடும். தலையைத் தாங்கும் வேலைகூடக் கழுத்துக்கு இல்லை.

ஆய்வில் தெரிந்தது

2018இல் துல்சா நகரில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர், பதற்றமும் மன அழுத்தமும் சார்ந்த கோளாறுள்ள 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். பதற்றமும் தசை இறுக்கமும் குறைந்தன. ஆனால் வேறு வகையில் ஓய்வெடுத்த நோயாளர்களோடு ஒப்பிடாத ஆய்வு அது; பலன் எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் அது காட்டவில்லை. உப்பிலுள்ள மக்னீசியம் தோல்வழி ஏறிக் குணமாக்கும் என்ற விளம்பரத்துக்கு வலுவான சான்றில்லை. ஆகவே பெரிய பணம் செலவழிக்க முடியவில்லையே என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை.

மிதவைச் சிகிச்சைக்கு நெருங்கிய முறையொன்று புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், குவைட் சிகிச்சை நிலையத்தில் இருக்கிறது. வெதுவெதுப்பான குளத்தில் சிகிச்சையாளர் நம்மைக் கையில் ஏந்தி மெல்ல அசைக்கும் ‘வாட்சு’ அது.

லயத்து வீட்டில்

தொட்டியின் பயன் பாரத்தை இறக்குவதிலும் இரைச்சலைக் குறைப்பதிலும் இருக்கிறது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, பிடரிக்குச் சுருட்டிய துவாய் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, மூச்சை மெதுவாக நீட்டி விடுங்கள். ராகலைக் குளிரில், படுக்கும் முன் வாளி வெந்நீரில் கால் வைத்திருந்தால் இன்னும் இதம். நீரிழிவுக்காரருக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம். வீட்டில் வேறொருவர் கைவிட்டுப் பார்த்த பின்பே வைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது? கணவரும் வளர்ந்த பிள்ளைகளும்தான். மலைக்குப் போய் வந்தவளுக்கு ஓய்வு உரிமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எச்சரிக்கை

மிதவைத் தொட்டியைத் தேடிப் போகிறவர்கள் கவனிக்க: அட்டைக்கடிப் புண், கவ்வாத்துக் கத்தி வெட்டு ஆறாதிருந்தால் உப்பு எரித்துவிடும். கட்டுப்படாத வலிப்பு, சிறுநீரக நோய், மனப்பிறழ்வு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குடித்துவிட்டு இறங்கவே கூடாது. ஆற்றிலோ குளத்திலோ இதைச் செய்து பார்க்காதீர்கள்; நன்னீர் அப்படித் தாங்காது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ வேண்டாமென்று தோன்றுகிறது என்றால் ஓய்வு மட்டும் போதாது. அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.