கிரவுண்ட் கிளாஸ் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது?

என் அக்கா மகன் பைலட் ஆகப்போகிறான் என்பது ஊருக்கே தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "மாமா, திங்கக்கிழமை கிரவுண்ட் கிளாஸ் ஆரம்பம். ஆறு லட்சம் கட்டியாச்சு" என்று போனில் சொன்னான். ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். இரண்டு ரசீதுகள் வந்தன. ஒன்றில் மூன்று லட்சம், பயிற்சிக் கட்டணம். இன்னொன்றிலும் மூன்று லட்சம், ஆனால் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்பட மாட்டாது' என்று இருந்தது. யார் யாருக்கு என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று கேட்டேன். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டான். "பறக்கற ஸ்கூல்ல சீட் பிடிச்சு வைக்கறதுக்காம்டா" என்றாள்.

எந்த ஸ்கூல் என்று அவளுக்கும் தெரியவில்லை. ரசீதிலும் இல்லை.

பைலட் படிப்பில் கிரவுண்ட் கிளாஸ் என்பது விமானத்தைத் தொடாமல் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற பகுதி. சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளுக்குத்தான் இந்த வகுப்பு. ஏர் நேவிகேஷன், வானிலையியல், ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிகல் ஜெனரல், டெக்னிகல் ஸ்பெசிஃபிக் என்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி. முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்திவந்த அதை, பாரதீய வாயுயான் அதிநியம் 2024 என்ற புதிய சட்டம் டிஜிசிஏ கைக்கு மாற்றியது.

பையன் முதல் வாரம் படித்ததை என்னிடம் காட்டினான். ஒரு டிகிரி வழி தவறினால் 60 கடல்மைல் போவதற்குள் ஒரு கடல்மைல் விலகியிருப்பாய் என்ற கணக்கு. சென்னை விமான நிலையத்தின் வானிலை அறிக்கை, விஓஎம்எம் என்று தொடங்கும் ஒற்றை வரி. காற்று, பார்வைத்தூரம், மேகம், வெப்பம், அழுத்தம் எல்லாம் அதற்குள் சுருங்கிக் கிடக்கிறது. வானிலைக்கு ஐ.சி. ஜோஷி, விதிகளுக்கு ஆர்.கே. பாலி என்று இந்தத் தேர்வு எழுதுகிறவர்கள் எல்லோர் மேசையிலும் இருக்கும் புத்தகங்கள். படிப்பு நல்ல படிப்புதான், அதில் எனக்குக் குறை இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இந்தத் தேர்வுகளை எழுதத் தனியார் கோச்சிங் சென்டரில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று விதி கிடையாது. தானே படித்தும் எழுதலாம். தேர்வுக்குத் தேவையான 'கம்ப்யூட்டர் நம்பர்' என்ற பதிவு எண்ணை மாணவனே டிஜிசிஏ தளத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மை சரிபார்க்கப்பட வேண்டும், அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். 'நம்பர் நாங்கதான் வாங்கித் தரமுடியும்' என்று ஒருவர் காசு கேட்டால், உங்கள் அலைச்சலை மிச்சப்படுத்தக் கேட்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஜிசிஏ அங்கீகரிப்பது எஃப்டிஓ எனப்படும் விமானப் பயிற்சிப் பள்ளிகளை. பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. மாடிப்படி ஏறி, ஏசி அறையில் நாற்பது நாற்காலி போட்டு நடக்கும் கோச்சிங் சென்டர் அந்தப் பட்டியலில் வராது. அது தப்பு என்று சொல்லவில்லை. போர்டில் 'டிஜிசிஏ அப்ரூவ்டு' என்று இருந்தால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். இன்னொரு எளிய அடையாளம் பில்லில் கிடைக்கும். கோச்சிங் சென்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. டிஜிசிஏ அங்கீகரித்த எஃப்டிஓ நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறக்கும் பயிற்சிக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2024 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. ஆக, கையில் இருக்கும் பில்லைப் பார்த்தாலே பணம் எதற்குப் போயிருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். பில்லே தராமல் கூகுள் பே எண்ணை மட்டும் தருகிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம்விட முக்கியம், காசு கட்டும் முன் டாக்டர். எங்கள் பையனோடு சேர்ந்த இன்னொரு பையன், கரூர்ப் பக்கம், வகுப்பில் முதல் மாணவன். மூன்று மாதம் கழித்து மெடிக்கல் போனான். புள்ளிகள் நிறைந்த வட்டத்துக்குள் எண் தெரிகிறதா என்று கேட்டார்கள். வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்பு, பச்சை பேதம் தனக்குச் சரியாகத் தெரிவதில்லை என்பது அன்றுவரை அவனுக்கே தெரியாது; பள்ளிக்கூடத்தில் யாரும் சோதித்ததில்லை. அவனுடைய அப்பா கட்டிய பணம் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. வணிக உரிமத்துக்குக் கிளாஸ் 1 கட்டாயம். கண்ணாடி போட்டால் பைலட் ஆகமுடியாது என்பது பழங்கதை. கண்ணாடியால் திருத்தக்கூடிய பார்வைக்குறை தடையாகாது. 'தற்காலிகத் தகுதியின்மை' என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், சரிசெய்துகொண்டு மறுபரிசோதனைக்குப் போகலாம். முடிவு தவறு என்று தோன்றினால் சிறப்பு மருத்துவர் கருத்தோடு மேல்முறையீடு செய்யும் வழியும் உண்டு. ஆகவே வரிசை இதுதான்: மெடிக்கல், பிறகு கிரவுண்ட் கிளாஸ், முடிந்தவரை எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி, அதற்குப் பிறகு பறக்கும் பள்ளிக்குப் பணம். ஏஜென்ட் சொல்லும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர்தலைகீழாக இருக்கும்.

பறக்கும் பள்ளியில்தான் பெரிய தொகை. சிபிஎல் வாங்க மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாக. எத்தனை மாதத்தில் முடியும் என்பது உங்கள் பிள்ளையின் திறமையைவிட அந்தப் பள்ளியில் எத்தனை விமானம் ஓடுகிற நிலையில் இருக்கிறது, எத்தனை பயிற்றுநர் இருக்கிறார்கள், எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பத்து விமானம் இருப்பதாகச் சொல்வார்கள். நேரில் போய் ஹேங்கரில் எண்ணிப் பாருங்கள், எஞ்சின் இல்லாமல் நிற்பதைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். கேன்டீனில் ஒரு டீ வாங்கிக்கொண்டு சீனியர் பையனிடம் "கடைசியா எப்பப்பா பறந்த?" என்று கேட்டால் பிரோஷரில் இல்லாத தகவல் கிடைக்கும். டிஜிசிஏ 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை தரவரிசை வெளியிடுகிறது. முதல் பட்டியலில் முதல் இரண்டு படிநிலைகளில் ஒரு பள்ளிகூட இல்லை. இப்போது தமிழ்நாட்டில் சேலத்திலும் பயிற்சிக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஊருக்குப் பக்கம் என்பதற்காக எந்தப் பள்ளியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

கூடவே பத்து ரூபாயில் ஒரு காரியம் செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் டிஜிசிஏவுக்கு ஒரு மனு. குறிப்பிட்ட பள்ளியின் அங்கீகாரம் எதுவரை செல்லும், பயிற்சிக்கு அனுமதிக்கப்பட்ட விமானங்கள் எத்தனை, கடந்த இரண்டு ஆண்டில் அங்கே பயின்று உரிமம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். அரைக்கோடி கட்டப்போகிறவருக்கு முப்பது நாள் அதிகம் இல்லை.

விமானிகள் வட்டாரத்தில் 'பி-51 மணி நேரம்' என்று ஒரு கிண்டல் உண்டு. போர் விமானம் இல்லை, பார்க்கர் 51 பேனா. பறக்காமலே லாக்புக்கில் பேனாவால் பறந்த மணி நேரம். 2011-ல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள், ராஜஸ்தானில் பறக்காத மணி நேரத்துக்குச் சான்று தந்த விவகாரமும் அந்த ஆண்டுதான் வெளிவந்தது. 'ஒரு இருபது மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் தம்பி' என்று பள்ளியே சொன்னாலும், பிடிபடும்போது கையெழுத்து போட்டவன் உங்கள் பிள்ளை. உரிமம் போகும், வழக்கு வரும். அதையும் தாண்டி, பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

வேலை உத்தரவாதம் பற்றி. சிபிஎல் கையில் இருந்தால் மட்டும் பெரிய விமானம் ஓட்ட முடியாது. ஏ320 போன்ற ரகத்துக்கு டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி, அதற்கும் ஒரு கிரவுண்ட் ஸ்கூல், அதற்கும் தனிப் பணம். விமான நிறுவனத்தின் பெயரிலேயே நடக்கும் கேடட் திட்டத்தில் சேர்ந்தாலும் நிபந்தனைகளைப் படியுங்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. அனுபவமுள்ள கேப்டன்களே வேலை தேடி அலைந்த காலங்கள் அவை. பத்திரிகையில் இந்தியாவுக்கு ஆயிரக்கணக்கில் பைலட் தேவை என்று வரும் செய்தி உண்மையாகவே இருக்கலாம். அது எந்த ஆண்டு, எந்த ரக விமானத்துக்கு, எத்தனை மணி நேர அனுபவத்துக்கு என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

கடன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகப் பிணை கேட்கும். நம் ஊரில் அது வீட்டுப் பத்திரம். பறக்கப் பறக்கத் தவணையாகப் பள்ளிக்குப் பணம் விடுவிக்கும்படி வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். பயிற்சி ஒரு ஆண்டு தள்ளிப்போனால் வட்டி தள்ளிப்போகாது. ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சிபிஎல் படிப்பும் முதல் பிரிவில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாமலே போகிறது.

சரி, ஏமாந்தாகிவிட்டது, என்ன செய்வது? டிஜிசிஏ உங்கள் பணத்தை வாங்கித் தராது. அது பாதுகாப்பையும் விதிமீறலையும் பார்க்கும் அமைப்பு. போலி மணி நேரம், பழுதான விமானம், காலாவதியான அங்கீகாரம் என்றால் அங்கே எழுதுங்கள். பணத்துக்கு நுகர்வோர் ஆணையம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. பறக்கும் பள்ளி அந்த வாதத்தை எடுத்து வைக்கலாம். ஆனால் கோச்சிங் சென்டர் அப்படி ஒளிய முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. கோச்சிங் விளம்பரங்களுக்கென்று 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல்களே வந்தன. நூறு சதவீத வேலை உத்தரவாதம், 'இன்னும் மூன்று சீட்தான்' என்ற பொய் அவசரம் இரண்டும் அதில் தடை. அதே ஆண்டு பல ஐஏஎஸ் கோச்சிங் நிறுவனங்கள் தவறான விளம்பரத்துக்காக அபராதம் கட்டியிருக்கின்றன.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பணத்தைத் திருப்பித் தரக் கெடு வைத்து. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட ஆணையம். கட்டிய தொகை 50 லட்சம்வரை அங்கேயே போடலாம், ஐந்து லட்சம்வரை கட்டணமே கிடையாது. நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். 'எந்தச் சூழலிலும் திருப்பித் தரப்பட மாட்டாது' மாதிரி ஒருதலைப்பட்சமான ஷரத்து நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாட வேண்டுமானால் அது மாநில ஆணையத்தின் வேலை. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்றால் காவல் நிலையம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் உள்ளிட்டோருக்கு 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும். இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப் வாக்குறுதி, விளம்பர ஸ்கிரீன்ஷாட், வங்கிக் கணக்கு அறிக்கை, எதையும் அழிக்காதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், நகல் போதும்.

அக்கா அழுதாள், பிறகு கடிதம் எழுதினாள். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் கடிதம் எழுதியவள். என்னுடையதைவிட அவளுடையது நன்றாகவே இருந்தது. எந்தப் பள்ளியில், எந்தத் தேதியில், எந்த எண்ணுள்ள சீட் பிடித்து வைக்கப்பட்டது என்று மூன்றே கேள்வி. 1915-க்குப் போன பிறகு சென்டரிலிருந்து சமாதானம் பேச ஆள் வந்தது. ஒன்றரை லட்சம் வந்தது. மீதி ஒன்றரைக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. போன முறை எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டு போனார்.

பையன் வகுப்பை விடவில்லை. ரெகுலேஷன்ஸ், வானிலை இரண்டும் முடித்துவிட்டான். நேவிகேஷனில் 68 வந்தது. அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, ரசீதை அவனாகவே எனக்கு அனுப்பி வைத்தான்.