இரவுக் கபடிக்கு எந்தக் காமிரா?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய சிற்றூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர், ஒரு நாள் விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், இதை வாங்கலாமா?" என்றார். தாளில் ஒரு காமிராவின் படம். 20 மெகாபிக்சல், 50 மடங்கு ஜூம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கோடை விடுமுறையில் தந்தையோடு சேர்ந்து உப்பு வாரிச் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. ஊரில் பொங்கலையொட்டி இரவில் நடக்கும் கபடிப் போட்டியைப் படமெடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தெற்கே ஆரோவில்லை அடுத்த கடற்கரையில் இளைஞர்கள் பலகையின் மேல் நின்று அலையில் சறுக்கி வருகிறார்களே, அதையும் எடுக்க வேண்டுமாம்.

பணம் ஒருமுறைதான் வரும். தவறான பெட்டியை வாங்கிவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். "ஒரு வாரம் பொறுங்கள். முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

பாடி வரும் கபடி வீரர் திரும்பி ஓடும்போது நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். காமிராவின் ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அந்த நேரத்தில் அவர் எவ்வளவு தூரம் நகர்ந்திருப்பார்? 6 மீட்டரை 60ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டர். மனித முகத்தின் அகலமே சுமார் 15 சென்டிமீட்டர்தான். ஆகவே படத்தில் முகம் இராது. முகம் இருந்த இடத்தில் ஒரு தீற்றல்தான் இருக்கும். 1/500 நொடியில் அவர் நகர்வது 1.2 சென்டிமீட்டர். ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். 1/1000 நொடியில் 6 மில்லிமீட்டர். கண்ணிமைகூடத் தெளிவாகத் தெரியத் தொடங்கும்.

அப்படியானால் எல்லாப் படத்தையும் 1/1000 நொடியில் எடுத்துவிட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். இங்கேதான் இடைஞ்சல். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் குறையக் குறைய, உள்ளே வரும் ஒளியும் குறைகிறது. விளையாட்டுப் படத்தின் பிரச்சினை முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது: அந்தச் சிறுபொழுதுக்குள் போதிய ஒளி சென்சாரில் வந்து விழ வேண்டும்.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வையுங்கள். ஒரே மழைதான், ஒரே நேரந்தான்; ஆனால் அண்டாவில் சேரும் நீர் பல மடங்கு. காரணம் வாயின் பரப்பு. லென்ஸுக்கும் அப்படியே. லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மில்லிமீட்டர் குவியத் தூரமும் எஃப் 1.8 என்ற எண்ணும் உள்ள லென்ஸில் துளையின் விட்டம் 28 மில்லிமீட்டர். நம் 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். ஏறக்குறைய அதே அளவு.

இப்போது விளம்பரத் தாளில் இருந்த காமிராவைப் பார்ப்போம். அத்தகைய நெடுஜூம் காமிராக்களில் சென்சார் பெரும்பாலும் 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. லென்ஸ் மாற்றும் வகைக் காமிராக்களில் எளியவற்றில்கூடச் சென்சார் சுமார் 23.5 மில்லிமீட்டர் அகலமும் 15.6 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும். பரப்பில் 13 மடங்கு. கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓரத்தில் நின்று 10 மீட்டர் தொலைவில் உள்ள வீரரை, சுற்றிலும் 4.7 மீட்டர் அகலக் காட்சியோடு எடுக்க விரும்பினால், பெரிய சென்சாருக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். சிறிய சென்சாருக்கு 13 மில்லிமீட்டர் குவியத் தூரம் போதும். ஆனால் எஃப் 4 என்றால் அதன் துளை 3.3 மில்லிமீட்டர்தான், சின்ன மிளகு அளவு. இரண்டு விட்டங்களையும் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். ஒரே காட்சி, ஒரே நேரம். ஆனால் நாணயத் துளை மிளகுத் துளையைவிட ஏறத்தாழ 70 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது!

விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மெகாபிக்சல்தான் பெரிதாக இருந்தது.

ஒளி குறைந்தால் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்திக்கொள்ளலாமே என்று புகைப்படம் எடுத்துப் பழகியவர்கள் கேட்பார்கள். உயர்த்தலாம். ஆனால் அது ஒலிபெருக்கியைத் திருகுவது போன்றது. பேச்சும் பெருகும், கரகரப்பும் பெருகும். ஒளி ஃபோட்டான்களாக வருகிறது; மழை துளிகளாக வருவதுபோல. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால், இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100, நூற்றுக்கு ஒன்று. கண்ணுக்குத் தெரியாது. சராசரியே 100 என்றால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் நிற்கும். இரவுப் படங்களில் மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிகளுக்கு முதற் காரணம் இதுவே. எந்தத் தொழிற்சாலையாலும் இதை முற்றிலும் நீக்க முடியாது. இது ஒளியின் குணம்.

மெகாபிக்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவில் இருந்தவை 10,000 பிக்சல்கள் மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடா கேசட்டில் பதிய 23 நொடி ஆயிற்று! அந்த நாளில் பிக்சல் எண்ணிக்கைக்குப் பொருள் இருந்தது. இன்று, பத்திரிகையில் 20 சென்டிமீட்டர் அகலத்தில் நல்ல தரத்தில் அச்சிட 4 மெகாபிக்சல் போதும். 16 மெகாபிக்சல் படத்தில் ஓரங்களை வெட்டி நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினாலும் அந்த நான்கு மீதமிருக்கும். அதற்கு மேல் உள்ளதற்காக உப்பளத்துக் காசைக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, இரவுக் களத்தில் எவ்வளவு ஒளி இருக்கிறது? அந்த மாணவருடன் சென்று ஓர் ஆட்டக்களத்தில் அளந்து பார்த்தேன். கம்பங்களில் கட்டிய எல்.இ.டி. விளக்குகள். எஃப் 1.8, 1/500 நொடி என்று வைத்தபோது ஐ.எஸ்.ஓ. 1600 தேவைப்பட்டது. அதே இடத்தில் எஃப் 5.6 லென்ஸைப் போட்டால் 16,000 வேண்டும். புதிய காமிராவுடன் பெட்டியிலேயே சேர்த்துத் தரும் ஜூம் லென்ஸ் இழுத்த நிலையில் எஃப் 5.6தான். முதல் படம் அச்சுக்குப் போகும், இரண்டாவது போகாது.

அங்கே வேறொரு வேடிக்கையும் கண்டோம். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் இருந்தன. காமிரா பழுதில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவது. மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஒரு துடிப்பு 10 மில்லிநொடி. 1/500 என்பது 2 மில்லிநொடி. துடிப்பின் உச்சியில் ஷட்டர் திறந்தால் நல்ல படம், பள்ளத்தில் திறந்தால் மங்கல். நாலைந்து படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது தேறும். உதகமண்டலத்தில் செய்த 'இந்து' ஃபிலிம் சுருளை அளந்து அளந்து செலவழித்த காலத்தில் இப்படிச் செய்ய மனம் வந்திராது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் இடப்புறம் 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில், வலப்புறம் கடல். தந்திராயன்குப்பத்துச் செரினிட்டி கடற்கரையில் அலைச்சறுக்குப் பயில்கிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ். ஆள் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறார். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எறும்பாகத் தெரிவார். 250 அல்லது 300 மில்லிமீட்டர் வேண்டும். ஆனால் ஒளிக்குப் பஞ்சமில்லை. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழே ஷட்டர் நேரம் என்பது புகைப்படக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. ஐ.எஸ்.ஓ. 200 என்றால் 1/200 நொடி. துளையை எஃப் 5.6 வரை திறந்தால் ஒளி 8 மடங்கு. ஆகவே 1/1600 நொடி. மலிவான டெலி லென்ஸே தாராளம்.

ஆனால் அது கிழக்குக் கரை என்பதை மறக்க வேண்டாம். காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே. அலைமேல் வருபவர் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். அதுவும் ஓர் அழகு என்றால் சரி. முகம் வேண்டுமானால் பிற்பகலில் போங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

உப்பளத்து மேட்டில் மாலையில் ஆடும் கைப்பந்தாட்டத்தை எடுக்கும்போது வேறொரு சிக்கல். காமிராவின் ஒளிமானி, காட்சி எதுவானாலும் சராசரியில் அது சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் இருந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். வெயிலில் கறுத்த நம் பிள்ளைகளின் முகம் கரிக்கட்டையாகிவிடும். எத்தனையோ நல்ல படங்கள் இப்படிக் கெட்டிருக்கின்றன. முகத்தின் மேல் பழியைப் போடுவதும் உண்டு. பிளஸ், மைனஸ் குறியிட்ட பொத்தானை ஒன்று அல்லது ஒன்றரை பிளஸ் பக்கம் நகர்த்துங்கள். முகம் தெளியும்.

காசில்லாமல் கிடைக்கும் உதவிகளும் உண்டு. கைப்பந்தில் பந்தை அடிக்க எழும்பியவர் உச்சியில் ஒரு கணம் நிற்கிறார். உச்சிக்கு 1/10 நொடி முன்னும் பின்னும் அவர் உடல் இறங்கியிருப்பது ½ × 10 × 0.01, அதாவது 5 சென்டிமீட்டர்தான். அந்தக் கணத்தைப் பிடித்தால் மெதுவான ஷட்டரே போதும். வீசும் கை மட்டும் சற்றுக் கலங்கும். கபடியில் பக்கவாட்டில் நிற்காமல், தடுப்பவர்களின் பின்கோட்டுக்கு அப்பால் நில்லுங்கள். பாடி வருபவர் உங்களை நோக்கி வருகிறார். குறுக்கே ஓடுபவரைவிட நேரே வருபவரின் பிம்பம் மிகக் குறைவாகவே நகரும், முகமும் கிடைக்கும்.

பொத்தானை அழுத்தியதும் படம் விழ எவ்வளவு தாமதம் என்பதைக் கடையிலேயே பாருங்கள். கால் நொடி தாமதித்தால் நம் வீரர் 1.5 மீட்டர் போய்விடுவார். தொடுகோட்டுக்கும் போனஸ் கோட்டுக்கும் இடையே உள்ளதே 1 மீட்டர்தான்.

பிறகு என்ன வாங்கினோம்? விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதவில்லை. விகிதம் சொல்கிறேன்: பணத்தில் பாதியாவது லென்ஸுக்குப் போகட்டும். பழைய நடுத்தரக் காமிராவும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும் என்பது என் முடிவு. நிக்கான் டி 7000, கேனன் 7டி ஆகியவை முறையே 2010, 2009இல் வந்தவை. நொடிக்கு 6, 8 படம் எடுப்பவை. பின்னால் வந்த தொடக்கநிலைக் காமிராக்கள் சில 3 படத்தோடு நிற்கின்றன. டி 7000இன் உள்ளேயே குவிக்கும் மோட்டார் இருப்பதால், மோட்டார் இல்லாத பழைய மலிவு லென்ஸும் அதில் தானாகக் குவியும். டி 3500 போன்றவற்றில் குவியாது. டெலி லென்ஸ் அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம். பகலில் களத்தின் ஓரத்தில் நின்று எடுப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், வீட்டில் உள்ள கைப்பேசியே போதும். எதையும் வாங்க வேண்டாம்.

பழையது வாங்கும்போது லென்ஸின் பின்புறம் டார்ச் அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை; வேண்டாம். மின்கலம் வைக்கும் அறையில் பச்சை பூத்திருந்தாலும் வேண்டாம். நம் கரையில் அதற்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்புத் துகள் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் அது எளிதில் தாண்டும். காமிராவில் படிந்த தூசி இரவோடு இரவாக உப்புநீராகி உலோகத்தை அரிக்கும். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகம் கீறிவிடும். பிறகு மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

அந்த மாணவர் தம் காமிராவை முறுக்கு டின்னில் வைத்திருக்கிறார். அவருடைய அம்மாவுக்குத்தான் சற்று வருத்தம்.