மோட்டார் ஹோமின் மின் ஆனிங்: பழுது காண்பதும் நீக்குவதும்

வீட்டு வசதிகளோடு வரும் மோட்டார் ஹோம் என்ற வண்டியின் பக்கச்சுவரில், கூரை விளிம்பை ஒட்டி நீளவாக்கில் பொருத்தப்பட்டிருக்கும் சுருள்துணிப் பந்தல்தான் ஆனிங். வண்டியை நிறுத்தி ஒரு சுவிட்சை அழுத்தினால் துணி வெளியே விரிந்து, வாசலுக்கு முன்னால் ஒரு திண்ணை அளவுக்கு நிழல் கிடைக்கும். அமெரிக்காவில் சாலையின் வலப்புறம் வண்டி ஓட்டுவதால் மோட்டார் ஹோமின் வாசலும் ஆனிங்கும் வலப்பக்கம் இருக்கும், பிரிட்டனில் பெரும்பாலும் இடப்பக்கம். அமெரிக்க வண்டிகளில் துணியின் நீளம் பெரும்பாலும் 10 முதல் 20 அடி வரை. சுவரிலிருந்து ஏறக்குறைய 8 அடி வரை வெளியே நீளும். டொமெடிக், கேர்ஃப்ரீ, லிப்பர்ட் ஆகியவை அங்கே அதிகம் காணப்படும் பெயர்கள். ஐரோப்பாவில் தூலே, ஃபியாம்மா.

மின் ஆனிங்கில் இரண்டு அமைப்புகள் வழக்கில் உள்ளன. அமெரிக்க வண்டிகளில் பரவலாக இருப்பதில், துணியின் ஒரு விளிம்பு சுவரிலுள்ள தண்டவாளத்தில் செருகப்பட்டிருக்கும். மறு விளிம்பு ஓர் அலுமினியக் குழலில் சுற்றியிருக்கும். விரியும்போது அந்தக் குழலே வெளியே நகர்ந்து போகும். அதை இரு முனைகளிலும் தாங்கும் கைகளில் கேஸ் ஸ்ட்ரட் இருக்கும். காரின் பின்கதவைத் தூக்கி நிறுத்துகிற அதே வாயுத் தண்டுதான். இரண்டாவது அமைப்பில் குழல் சுவரோடு ஒட்டிய பெட்டிக்குள்ளேயே சுழலும். முழங்கைபோல் மடியும் கைகள் உள்ளே சுருள்வில்லை வைத்துக்கொண்டு முன்சட்டத்தை வெளியே தள்ளும்.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றே. மோட்டார் ஆனிங்கை வெளியே தள்ளுவதில்லை. அது குழலைச் சுழற்றித் துணியை விடுகிறது, அவ்வளவுதான். தள்ளுவது ஸ்ட்ரட்டோ சுருள்வில்லோ. மூடும்போதுதான் மோட்டாருக்கு உண்மையான வேலை: தள்ளிக்கொண்டே இருக்கும் கைகளை எதிர்த்துத் துணியை இழுத்துச் சுற்ற வேண்டும். ஆகவே திறப்பதைவிட மூடுவதற்கே அதிக மின்னோட்டம் தேவை. பழுது பார்க்கிறவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘திறக்கிறது, மூட மறுக்கிறது’ என்றால் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். மோட்டார் சுழலும் சத்தம் கேட்டும் துணி வெளியே வராமல் தொய்ந்து தொங்கினால் சந்தேகம் கைகளின் மேல்.

மோட்டார் குழலின் ஒரு முனைக்குள் ஒளிந்திருக்கும். 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடும்; அதனோடு சேர்ந்த கியர் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும். பயணத்தில் ஆனிங் தானாக விரியாமல் பிடித்துக்கொள்வதும் இந்தக் கியரும் அதன் பிரேக்கும்தான். மோட்டாருக்குப் போகும் ஒயர்கள் பெரும்பாலும் இரண்டே. அவற்றில் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். சுவரிலுள்ள சுவிட்சின் வேலை இந்த இடமாற்றத்தைச் செய்வது மட்டுமே. விரலை எடுத்ததும் நடுநிலைக்குத் திரும்பும் வகை அது. புதிய வண்டிகளில் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கட்டுப்பாட்டுப் பெட்டி, தொடுதிரை என்று பல சேர்ந்துவிட்டன. பழுதுக்கும் அந்த அளவு இடம் கூடியிருக்கிறது.

ஆனிங் அசையவே இல்லை என்றால், முதலில் அது பழுதுதானா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சாவி போட்டிருக்கும்போதோ கைப்பிரேக் இறங்கியிருக்கும்போதோ ஆனிங் இயங்காதபடி பல மோட்டார் ஹோம்களில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஓடும் வண்டியில் ஆனிங் விரிந்தால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும். வீட்டுப் பகுதிக்கான பேட்டரியின் முதன்மைச் சுவிட்ச் அணைந்திருக்கலாம். பலமுறை தொடர்ந்து திறந்து மூடியிருந்தால் மோட்டாருக்குள் இருக்கும் வெப்பத் தடுப்பு அதை நிறுத்தியிருக்கலாம். சற்று நேரம் ஆறவிட்டால் தானே உயிர் பெறும். இவற்றைப் பார்க்காமல் புது மோட்டாருக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு.

அடுத்தது ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியருக்கு மாற்று போடலாம். மறுபடி எரிந்தால் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது தீயை அழைப்பதற்குச் சமம். பெரும்பாலும் எங்கோ ஒயர் உலோகத்தில் உரசிக் குறுக்குச்சுற்று ஆகியிருக்கிறது என்று அதற்குப் பொருள். குழல் வெளியே நகரும் வகையில் மோட்டாரும் கூடவே நகர்வதால், ஒயர் கையின் வழியாக ஓடி ஒவ்வொரு முறையும் மடிந்து நிமிர்கிறது. மூட்டருகே மேலுறை தேய்வதும், உள்ளே செப்பிழைகள் ஒவ்வொன்றாக அறுவதும் அங்கேதான்.

பேட்டரியை அளக்க மல்டிமீட்டர் போதும். ஈய அமில பேட்டரி முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஆனிங்கைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரிக்கு மின்னேற்ற வேண்டும்.

பேட்டரியும் ஃபியூஸும் சரியாக இருந்தால், சுவிட்சிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போவதைவிட நேராக மோட்டாரின் ஒயர் இணைப்புக்குப் போவதே சிக்கனம். பெரும்பாலான வகைகளில் அது மோட்டார் பக்கத்துக் கையின் மேல்பகுதியிலோ, ஒயர் சுவரைத் துளைத்து வெளிவரும் இடத்திலோ இருக்கும். ஒருவர் சுவிட்சை அழுத்திப் பிடிக்க, மற்றவர் அங்கே வோல்ட்டை அளக்க வேண்டும். 12 வோல்ட் அளவில் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் கோளாறு மோட்டாரிலோ அதற்குப் பின்னுள்ள சிறு ஒயரிலோ. வோல்ட்டே வரவில்லை என்றால் மோட்டார் குற்றமற்றது. சுவிட்ச், ரிலே, ஒயர் ஆகியவற்றைப் பின்னோக்கிப் பார்த்துப் போகலாம். இந்த ஓர் அளவீடு தேடலைச் சரிபாதியாக்கிவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. மோட்டாரைக் கழற்றிவிட்டு வெறும் ஒயர் முனையில் அளந்தால், களிம்பேறிய இணைப்பு வழியாகவும் மீட்டர் 12.6 காட்டும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதே காரணம். மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும்போது, அந்த இணைப்பில் வெறும் 0.3 ஓம் தடை இருந்தாலும் 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது 9.6. அது முனகும், சுற்றாது. ஆகவே மோட்டார் இணைந்திருக்கும் நிலையில், மூடும் திசையில் அழுத்திக்கொண்டு அளந்த எண்ணையே நம்ப வேண்டும். மழையிலும் சாலைப் புழுதியிலும் அடிபடும் இணைப்புகளில் பச்சைக் களிம்பு சாதாரணம். அந்த முனையை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை உரித்து, புது கிரிம்ப் இணைப்பு போட்டு, உள்ளே பசையுள்ள வெப்பச்சுருக்கக் குழாயால் மூடுவதே நிலைத்த வைத்தியம். இன்சுலேஷன் டேப் சுற்றினால் அடுத்த மழைவரைதான்.

ஒரு திசையில் மட்டும் வேலை செய்து மறுதிசையில் மோட்டாருக்கு வோல்ட்டே வராவிட்டால் சுவிட்சின் ஒரு ஜோடித் தொடுமுனைகள் கருகியிருக்கும். ரிலே உள்ள வண்டியில் இரண்டில் ஒரு ரிலே போயிருக்கும். பலத்த காற்றில் தானே மூடிக்கொள்ளச் செய்யும் காற்றுணரி உள்ள ஆனிங் சிறு தென்றலுக்கே சுருண்டுகொண்டால் அதன் நுண்ணுணர்வு அளவைக் குறைத்து வைக்க வேண்டும்.

துணி விரிந்த நிலையில் எல்லாம் நின்றுபோய், மழையோ புறப்படும் நேரமோ நெருங்கிவிட்டால்? பல மோட்டார்களின் தலைப்பகுதியில் ரப்பர் மூடிக்குப் பின்னால் ஓர் அறுகோண முனை இருக்கும். கைத்துரப்பணத்தை அதில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் ஆனிங் மூடிக்கொள்ளும். அது இல்லாத வகையில், மோட்டாரின் இரு ஒயர்களையும் வண்டியின் சுற்றிலிருந்து பிரித்துவிட்டு, வேறொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே கொடுக்கலாம். தவறான திசையில் சுழன்றால் முனைகளை மாற்றிப் பிடித்தால் போதும். மூடிய பின் இரு கைகளையும் நாடாவால் இறுகக் கட்டிவிட்டே சாலையில் இறங்க வேண்டும், ஏனெனில் கியரோ பிரேக்கோ தேய்ந்திருந்தால் நெடுஞ்சாலைக் காற்று ஆனிங்கைப் பிய்த்துவிடும்.

பழுதே இல்லாமல் பழுதாகத் தோன்றும் இன்னொன்று தலைகீழ்ச் சுற்று. பல எளிய வகைகளில் மோட்டார் தானாக நிற்கும் எல்லை கிடையாது. துணி முழுதும் விரிந்த பிறகும் சுவிட்சை விடாமல் அழுத்தினால் குழல் தொடர்ந்து சுழன்று, துணியை எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்போது ‘திற’ என்றால் மூடும், ‘மூடு’ என்றால் திறக்கும். ஒயரை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து இணைப்பைக் கலைக்கக் கூடாது. ‘மூடு’ பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தால் துணி ஒருமுறை முழுதாக வெளியே வந்து, பிறகு சரியான பக்கமாகச் சுருளும்.

இயந்திரக் கோளாறுகளில் முக்கியமானது ஸ்ட்ரட் வாயு இழப்பது. ஒரு பக்கம் மட்டும் பின்தங்கினால் அந்தப் பக்க ஸ்ட்ரட் செத்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை. ஸ்ட்ரட், சுருள்வில், மோட்டார் எதைக் கழற்றுவதானாலும் கைகளை முதலில் கட்டி நிலைநிறுத்த வேண்டும். தேங்கிய விசை ஒரே நொடியில் விடுபட்டுப் பல் உடைக்கும், விரல் நசுக்கும். இது ஆள் துணையின்றிச் செய்யும் வேலை அல்ல. துணி கோணலாகச் சுற்றினால் தண்டவாளத்தில் அது பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். முழுதும் விரித்து, நடுவுக்கு இழுத்து, இரு ஓரங்களிலும் நகராதபடி திருகு போட வேண்டும். மூட்டுகளுக்கு சிலிக்கான் தெளிப்பு ஏற்றது. கிரீஸ் புழுதியைச் சேர்த்துக்கொள்ளும்.

கைகள் வளைவதற்குப் பெரும்பாலும் காற்றைவிடத் தேங்கிய நீரே காரணம். 16 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள துணி ஏறத்தாழ 12 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை அதன் மேல் 120 லிட்டர், அதாவது 120 கிலோ நீரைக் கொட்டும். அதில் பாதி தேங்கினாலே ஓர் ஆள் மேலே படுத்திருப்பதுபோல்தான். ஒரு முனையைத் தாழ்த்தி வைத்தால் நீர் வழிந்துவிடும். நனைந்த துணியைச் சுருட்ட நேர்ந்தால், ஓரிரு நாளுக்குள் விரித்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வினைல் துணியின் சிறு கிழிசலுக்கு ஒட்டுநாடா போதும். தையல் நெடுக விட்டுப்போயிருந்தால் துணியையே மாற்ற வேண்டியதுதான்.

மோட்டார் உண்மையிலேயே போய்விட்டால் அதைப் பிரித்துச் சரிசெய்ய முயல்வதில் பயன் குறைவு. கியரோடு சேர்த்து மூடிய ஒரே அலகாகவே அது வருகிறது. அதே மாதிரி எண்ணுள்ள புது அலகை வாங்கிப் பொருத்துவதுதான் வழி. மாதிரி எண் பெரும்பாலும் குழலிலோ துணியின் ஓரத்திலோ ஒட்டியிருக்கும்; வெயிலில் அது அழிவதற்குள் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.