ஒரு வீடு, பல குடித்தனங்கள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நான்கு குடித்தனங்கள் உண்டு. வாசல் ஒன்று, கூரை ஒன்று, கிணறும் ஒன்றே. ஆனால் அடுப்பு நான்கு, பூட்டும் நான்கு. ஒரு வீட்டில் உலை கொதிக்காவிட்டால் அடுத்த வீட்டு அடுப்பு அணைந்துவிடுவதில்லை. ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகளாகப் பிரித்து ஆளும் முறையும் இத்தகையதே. அதைக் கற்கும்போது நான் அறிந்தவற்றையும், அறியாமல் செய்த பிழை ஒன்றையும் இங்கே கூற விழைகின்றேன்.

ஏன் பிரிக்க வேண்டும்?

பலருக்கு ஒரே நேரத்தில் பணி செய்யும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். மின்னஞ்சலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று எனத் தனித்தனிச் சர்வர்களை வைத்தால், அவற்றுள் பல பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். மின்சாரம் மட்டும் செலவாகும். சரி, எல்லாப் பணிகளையும் ஒரே சர்வரில் போட்டுவிட்டால் என்ன? ஒரு நிரலுக்குப் பழைய மென்பொருள் வேண்டும்; இன்னொன்றுக்குப் புதியது வேண்டும். ஒன்று கெட்டால் மற்றவையும் தடுமாறும். ஆகவே, இயந்திரம் ஒன்றாகவும் குடித்தனம் பலவாகவும் இருப்பதே வழி. இவ்வாறு பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் மெய்நிகர் கணிப்பொறி எனப்படும். அதற்கெனத் தனி இயங்குதளமும் தனி முகவரியும் உண்டு. தான் ஒரு குடித்தனம் என்பதை அறியாமல், முழு வீடும் தனக்கே சொந்தம் என்று எண்ணி அது இயங்கும்!

இது புதிய கலையா?

அல்ல. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் 1967லேயே இம்முறை செயல்பட்டது. 1972இல் அந்நிறுவனம் வி.எம்./370 என்னும் இயங்குதளத்தை அறிவித்தது. போபெக், கோல்ட்பர்க் என்னும் இரு அறிஞர்கள் 1974இல் இதற்கு மூன்று இலக்கணங்களை வகுத்தனர். நிரல்கள் உண்மைக் கணிப்பொறியில் இயங்குவதைப் போன்றே இயங்க வேண்டும்; பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேராக நடைபெற வேண்டும்; வளங்கள் மீதான அதிகாரம் முழுவதும் மேற்பார்வை நிரலிடமே இருக்க வேண்டும். அம்மேற்பார்வை நிரலே ஹைப்பர்வைசர். குடித்தனக்காரர் தம் அறைக்குள் இருக்கும்வரை அது குறுக்கிடாது. பொதுச் சுவரில் ஆணி அடிக்கப் போனால் உடனே வந்து நிற்கும்.

நாம் பயன்படுத்தும் சாதாரண எக்ஸ்86 கணிப்பொறிகளில் இது எளிதாக இருக்கவில்லை. சில கட்டளைகள் மேற்பார்வையாளருக்குத் தெரியாமலே தவறாக நடந்துவிடும். அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியுடன் 1999இல் வி.எம்.வேர் நிறுவனத்தின் மென்பொருள் வந்தது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏ.எம்.டி.யும் தம் சில்லுகளிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007இல் கே.வி.எம். என்னும் ஹைப்பர்வைசர் லினக்ஸின் கருவிலேயே இடம்பெற்றது. அதனால்தான் என்னைப் போன்ற மாணவனும் பணச் செலவின்றி இதைக் கற்க முடிகிறது.

எதை எவ்வாறு பங்கிடுவது?

செயலியைப் பங்கிடுவது கிணற்றில் முறைவைத்து நீர் இறைப்பதைப் போன்றது. ஆள் மிகுந்தால் காத்திருக்க நேரும். ஆனால் எல்லோருக்கும் முறை வரும். நினைவகமாகிய ரேம் அப்படியன்று. அது படுக்கும் இடம். ஒருவர் படுத்திருக்கும் இடத்தில் அதே நேரத்தில் மற்றவர் படுக்க இயலாது. இந்த வேறுபாட்டை நான் உணரவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் பயிற்சிக்காக எனக்கு ஒரு பழைய கணிப்பொறி கிடைத்தது. அதன் ரேம் 8 ஜி.பி. நான் மூன்று மெய்நிகர் கணிப்பொறிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் 4 ஜி.பி. என எழுதிக் கொடுத்தேன். எட்டில் பன்னிரண்டு எப்படி அடங்கும்? ஆனால் லினக்ஸ் மறுக்கவில்லை. கேட்டதை எல்லாம் அது உடனே எடுத்து வைப்பதில்லை, பயன்படுத்தும்போதுதான் கொடுக்கும். மூன்றும் ஓடின. நான் பெருமிதம் கொண்டேன்.

சில நாட்கள் கழித்து, ஒன்றில் நண்பர்கள் இருவர் துறை நூலகத்தின் புத்தகப் பட்டியலைத் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தனர். நான் மற்றொன்றில் பெரிய வேலை ஒன்றைத் தொடங்கினேன். முதலில் எல்லாம் மந்தமாயின. பின்னர் நண்பர்களின் திரை இருண்டது. நினைவகம் முற்றிலும் தீர்ந்தால், மிகுதியான இடத்தைப் பிடித்திருக்கும் செயலை லினக்ஸ் நிறுத்திவிடும். பேராசை என்னுடையது, வெளியேற்றப்பட்டதோ அவர்களின் குடித்தனம். சேமிக்கப்படாதிருந்த ஒரு பிற்பகல் உழைப்பு முழுவதும் போயிற்று. அவர்கள் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் கொத்தனார், கணிப்பொறியைத் தொட்டதில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை குடித்தனம் வைக்கலாம்னு தடுப்புச் சுவரைப் பாத்துச் சொல்லக் கூடாதுப்பா. இருக்கிற இடத்தையும் கிணத்துத் தண்ணியையும் பாத்துத்தான் சொல்லணும்" என்றார். நான் பாடநூலில் படித்தும் உணராததை அவர் இரண்டே வாக்கியங்களில் உணர்த்திவிட்டார்.

மறுநாள் கணக்கை மாற்றினேன். மூல இயங்குதளத்துக்கு 2 ஜி.பி. ஒதுக்கிவிட்டு, மீதி ஆறை மூன்றுக்கும் இரண்டிரண்டாகப் பிரித்தேன். வேகம் சற்றுக் குறைவுதான். ஆனால் எதுவும் வீழவில்லை. இன்னொன்றும் செய்தேன். கூரை இடிந்தால் நான்கு குடித்தனமும் தெருவில்தான் நிற்கும் அல்லவா? ஆகவே மூன்றின் நகல்களையும் வேறொரு கணிப்பொறியில் எடுத்து வைத்தேன். நண்பர்களுடன் அமர்ந்து, விடுபட்ட பட்டியலையும் தட்டச்சிட்டு முடித்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணிப்பொறி நிர்வாகியாக வேண்டும் என்பது என் ஆசை. தடுப்புச் சுவரை எழுப்புவது ஒரு நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. இல்லாததைக் கொடுப்பதாகச் சொல்லாமல் இருப்பதே நிர்வாகியின் நேர்மை. நம்மை நம்பி உள்ளே குடியிருப்பவர்களின் உழைப்பு அந்த நேர்மையில்தான் நிற்கிறது. இதனை உணர்ந்து கற்போமாக!